செம்புச் சுத்தியலை முதலில் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 63. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் 11 பேர் சேர்ந்து 20 வருஷமாக ஒரு கிளப் நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் ஆழியாறு வழியாக வால்பாறை மலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை போய்த் திரும்புவோம். என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை" என்று மற்றவர்கள் மறுத்தபோது, எனக்காக வாதாடிக் கிளப்பில் சேர்த்துவிட்டவர் என் உயிர் நண்பர். போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய பச்சை நிற எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், 1967 மாடல், தோட்டத்து வீட்டுச் சாளைக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. முதல் வருஷத் திதியன்று அந்த வண்டிக்கு மாலை போட்டு, அவர் படத்தை வைத்து, எல்லோருக்கும் முன்னால் மலைக்கு ஓட்டிப் போக வேண்டும் என்கிறார்கள். அதன் கார்புரேட்டர் பக்குவம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே ஓட்ட வேண்டுமாம். போனில் கேட்டதற்கு அவர் மனைவி, "அந்தச் சத்தத்தக் கேட்டா என்னால தாங்க முடியாதுங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். மகன் வண்டியை விற்றுவிடலாம் என்கிறான். பெங்களூரில் ஒருவர் கேட்கிறாராம். விற்கக் கூடாது என்று கிளப்பில் சண்டை. கருமாதிக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கடைசிப் பயணத்தில் அவர் வீலைக் கழற்றி மாட்டிய செம்புச் சுத்தியல் இன்னும் என் டிக்கியில் கிடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

— பொள்ளாச்சி வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

திதி, மாலை, விற்பனை, சண்டை எல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் அந்தச் சுத்தியலைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் நின்றுவிட்டேன். கம்பி வீல் போட்ட எம்ஜியைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். வீலை நடுவில் ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கும், அதற்கு இரண்டு காது. அந்தக் காதில் தட்டித்தான் கழற்ற வேண்டும், தட்டித்தான் முடுக்க வேண்டும். இரும்பால் அடித்தால் நட்டின் குரோம் பூச்சு உரிந்துபோகும் என்றுதான் செம்பில் செய்தார்கள். நட்டுக்குப் பதிலாக அடி வாங்குவது சுத்தியல். நாள்பட நாள்பட அதன் முகம் நசுங்கிக் காளான் மாதிரி விரிந்துவிடும். உங்கள் ஹெரால்டு வீலுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் பத்து மாதமாக இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது, கிளப் கூட்டத்தில் இல்லை.

அந்தத் தங்கச்சி சொன்ன ஒரு வரியை நீங்கள் யாரும் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வண்டி கேட்டீர்கள்; அவர் சத்தத்தைப் பற்றிப் பேசினார். யோசித்துப் பாருங்கள். எம்ஜிபி இரண்டே பேர் உட்காரும் வண்டி. 20 வருஷம் அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போயிருக்கும்? இருட்டோடு வண்டி கிளம்பிப் போகும். அப்புறம் சமையலைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பார். வால்பாறை மலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. நீங்கள் ஒன்பதோடு திரும்பினாலும் வீட்டில் இருப்பவருக்கு நாற்பதும் பயம்தான். வெயில் ஏறின பிறகு, தோப்பு முனையில் அந்தச் சத்தம் கேட்டால் 'வந்துட்டாரு' என்று அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருப்பார். நீங்கள் நட்பைக் கேட்ட அதே எஞ்சினில் அவர் கேட்டது புருஷன் வீடு திரும்புவதை. திதியன்று அதே சத்தம் தோப்பு முனையில் கேட்டு, ஸ்டியரிங்கில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்?

அதனால் திதிக்கு அந்த வண்டி வேண்டாம் என்று கிளப்பில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அவர் இருந்திருந்தா இதைத்தான் ஆசைப்பட்டிருப்பாரு" என்பார்கள். இருக்கலாம். ஆனால் இப்போது இருப்பவர் அவர் மனைவி.

உணர்ச்சியை ஒதுக்கிவைத்தாலும் அந்த வண்டி இப்போது ரோட்டுக்கு வரக் கூடாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. பத்து மாதம் ஆகிவிட்டது. இறந்தவர் பெயரிலேயே ஆர்சி இருக்கும் வண்டியை மலையேற்றி, யார் மேலாவது உரசினால் இன்ஷூரன்ஸ் தகராறு முழுதும் அந்த வீட்டு வாசலுக்குத்தான் வரும். கிளப்பில் இதெல்லாம் தெரிந்தவர் யாராவது இருப்பார். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பையனை அழைத்துப்போய்ப் பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுங்கள். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் தினப்படி ஓட்ட முடியாது என்பதால் அதைக் குடும்பம் நிதானமாக முடிவு செய்யட்டும்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும், ஆனால் துக்கத்தில் மறந்திருப்பீர்கள். அந்த வண்டி தார்ப்பாய்க்குள் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பிளக்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பசையாகிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றால் பின் வீல் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, இந்த நிலையில் விட்டால் இரண்டுக்கும் ஆகாது.

இந்த வேலைகள் ஒன்றுக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. எனக்கு இதுதான் உங்கள் கடிதத்துக்குக் கிடைத்த நல்ல வழி என்று படுகிறது. பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். 1967 மாடல் என்றால் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி இருக்கும், கழற்றி வையுங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறட்டும். பிறகு ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு, நீங்களும் பையனும் பின்னாலிருந்து வண்டியை மெதுவாக ஓர் அடி தள்ளுங்கள். பிளக் துளை வழியாக 'புஸ்' என்று காற்று வரும், அவ்வளவுதான். எஞ்சின் உள்ளே சுற்றிவிடும். சமையலறை வரைக்கும் கேட்காது. டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் இருக்கவும் அது போதும். திரும்ப ஹேண்ட்பிரேக் போடாமல் வீலுக்குக் கட்டை கொடுங்கள். மாதம் ஒரு தடவை இதைச் செய்யலாம், அந்தத் தங்கச்சி சம்மதித்தால். அவர் வேண்டாம் என்றால் திண்ணையில் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.

பையனைப் பற்றி. அவன் விற்கலாம் என்று சொல்வதில் உங்களுக்கெல்லாம் கோபம். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அது அவர்கள் வண்டி. கிளப்புக்கு அதில் ஒரு போல்ட்டுகூடச் சொந்தமில்லை. வீட்டில் என்ன செலவு இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? 1962-லிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்த மாடல் அது. பாகம் கிடைக்கும், வாங்குபவர் ஓட்டுவார். விற்றால் நண்பர் மறைந்துவிட மாட்டார். விற்பதானால் நியாயமான விலை என்ன என்று பார்த்துச் சொல்லவும், ஏமாறாமல் காக்கவும் உங்களை விட்டால் அவனுக்கு ஆள் கிடையாது. ஆனால் விற்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போக வைக்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் காட்டி, காற்றின் இரைச்சல் இரண்டிலும் சமமா என்று கேட்பார்கள் இல்லையா? உங்கள் நண்பரும் அப்படித்தான் கேட்டிருப்பார். எஞ்சின் ஓட அம்மா சம்மதிக்கிற நாள் வந்தால், குழாயைப் பையன் காதில் கொடுங்கள். அதற்கு அப்புறம் விற்கட்டும்.

எனக்கும் இப்படி ஒரு குறை உண்டு. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்களோடு வாலிபால் ஆடிய சிநேகிதன் ஒருவன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தான். அவன் பெயரில் மூன்று வருஷம் போட்டி நடத்தினோம். ஃபிளக்ஸ், கோப்பை, ராத்திரி முழுக்க மைக் செட். மூன்றாவது வருஷம் அவன் அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அப்படி ஒரு போட்டி நடப்பதே அவருக்குத் தெரியாது. "நீயெல்லாம் நல்லா இருக்கறயா கண்ணு, ஊட்டுப் பக்கமே காணமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கை நினைவுக்கு வரும்போது தொண்டை அடைக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

நினைவுக்குக் கிளப் எதுவும் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்டது. நெற்சுமையோடு வருகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். கோவையில் கரிவர்தனையும் அப்படித்தான் நினைக்கிறோம். மாருதி 800 எஞ்சினை வைத்து, அதிகம் செலவில்லாமல் இளைஞர்கள் ரேஸ் ஓட்ட 1988-ல் ஃபார்முலா மாருதி செய்தவர். நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த வண்டிதான். 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-லிருந்து செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ரேஸ் டிராக் இருக்கிறது, பிள்ளைகள் அங்கே ஓட்டிப் பழகுகிறார்கள். உங்கள் கிளப்பும் அந்த மாதிரி யோசிக்கலாம். அடுத்தவருக்காக வாதாடிய மனுஷன் அவர். ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே ஹெரால்டின் அடிச்சட்டத்தை, அதாவது சேஸியை, வெட்டிக் குறைத்துச் செய்ததுதான், அதனால் ஹெரால்டுக்குக் கிளப்பில் இடம் உண்டு என்று நானும் சொல்வேன். இப்போது வெளியே நிற்கிற பையன்கள் யாராவது இருப்பார்கள். பழைய வண்டி மேல் ஆசை, கையில் காசில்லை. ஒருவனை மாதாமாதம் ஒருவர் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

திதிக்குப் பிறகு வரும் ஞாயிறு, வழக்கம்போலப் பத்து வண்டியும் கிளம்புங்கள். அவர் வண்டி எத்தனாவதாகப் போகுமோ அந்த இடத்தை மட்டும் ஒரு வண்டி நீளத்துக்கு விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினால் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். கொஞ்ச நேரம் நில்லுங்கள். அது போதும்.

சுத்தியலைத் துடைத்து மினுக்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டு போங்கள். ஞாயிறு காலையில் போகாதீர்கள். ஒரு வார நாளில், சாயங்காலம் பொழுதோட போங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஹெரால்டை எடுக்க வேண்டாம். உங்கள் இரண்டு பேர் வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாகத் தோப்புக்குள் நுழைந்துதான் அவருக்குப் பழக்கம். வேறு காரில் போங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போய் இறங்கி நடந்து போங்கள்.