கொயோட்டி வேட்டைக்கு எந்தத் தோட்டா?

டெக்சாஸ் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகும் கொயோட்டிகளை (சிறிய ஓநாய் போன்ற காட்டு விலங்கு) சுட, .223 ரெமிங்டன் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், முதலில் உங்கள் குழலைப் பாருங்கள். குண்டைச் சுழல வைக்க உள்ளே வெட்டியிருக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது பெரும்பாலும் குழல் மேலேயே பொறித்திருக்கும். 12 அங்குலம் என்றால் 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டோடு நின்றுகொள்ளுங்கள், 77 கிரெயின் போட்டால் அது நிலையாகச் சுழலாமல் தள்ளாடி எங்கேயோ போய்விழும். 8 அங்குலம் என்றால் கனமான குண்டும் ஓடும், காற்றில் விலகுவதும் குறைவு.

அப்புறம் குண்டின் வகை. முழுக்கச் செம்பு உறை போட்ட ராணுவ வகை வேண்டவே வேண்டாம், விரியாமல் துளைத்துப் போய்விடும், அடிபட்ட விலங்கு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். பிளாஸ்டிக் முனை வைத்த, சட்டென விரியும் குண்டுதான் சரி. தோல் விற்பவர்களுக்கும் அதுதான் லாபம், பெரும்பாலும் உள்ளேயே சிதறிவிடுவதால் மறுபக்கம் ஓட்டை விழாது. .22-250 என்ற இன்னொரு தோட்டா வகை இன்னும் வேகம்தான், ஆனால் உங்களிடம் இருப்பதே போதும்.

ஒன்றிரண்டு வகை வாங்கி, 100 கஜத்தில் ஐந்தைந்து சுட்டுப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் விழுவதையே இன்னும் நான்கு பெட்டி வாங்குங்கள், விலை எதுவானாலும். கலிஃபோர்னியா பக்கம் போனால் மட்டும் கவனம், 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.