04/10 போட்ட காரை வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். இங்கே ஜெர்மனியில் பார்த்து வைத்திருக்கும் பழைய காரின் நம்பர் பிளேட்டில் வலது ஓரம் 04, அதன் கீழே 10 என்று இருக்கிறதே, அது என்ன? பிளேட்டின் முதல் எழுத்துகள் ஊரையோ மாவட்டத்தையோ காட்டும். அது எச்எஸ்கே வண்டி, நீங்கள் இருப்பதோ டோர்ட்முண்ட் நகரம். பிளேட்டை மாற்றியே ஆக வேண்டுமா? பிடித்த எண் கிடைக்குமா?

04/10 என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அந்த வண்டிக்கு ரோட்டில் அனுமதி. வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டும் என்பதால் கோடைக்கு மட்டும் வண்டி எடுப்பவர்கள் இப்படிப் பதிந்து வைப்பார்கள். மற்ற மாதங்களில் ஓட்டக்கூடாது என்பது மட்டுமில்லை, தெருவோரம் நிறுத்திக்கூட வைக்கக்கூடாது. சொந்த கராஜ் இல்லாத நமக்கு இது சரிப்படாது. அதற்காகக் காரை விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயருக்கு மாற்றும்போது வருடம் முழுவதற்கும் பதிந்துகொள்ளலாம்.

எச்எஸ்கே என்பது ஹோக்சாவர்லாண்ட் மாவட்டம். முன்பெல்லாம் மாவட்டம் மாறினால் பிளேட்டும் மாற வேண்டும். இப்போது விற்பவர் சம்மதித்தால் அதே எண்ணோடு ஓட்டலாம். ஆனால் மாதம் போட்ட பிளேட் எப்படியும் போகத்தான் போகிறது, புதிதாக டோர்ட்முண்டின் டிஓ என்றே வாங்கிவிடுங்கள்.

பிடித்த எண் கிடைக்கும். பத்து யூரோவுக்குச் சற்று மேல் ஆகும், இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். இதில் என் கதையைக் கேளுங்கள். அப்பா பெயருக்கும் எஸ், என் பெயருக்கும் எஸ். பள்ளிக்கூடத்திலிருந்து எஸ்.எஸ். என்றே கையெழுத்துப் போட்டவன். முதல் கார் வாங்கியபோது ஊர் எழுத்துக்குப் பின்னால் அதையே கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. 'அது கிடையாது' என்றார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹிட்லர் காலத்துப் படைகளை நினைவூட்டும் எஸ்எஸ், எஸ்ஏ, அவன் இளைஞர் அணியின் எச்ஜே, வதைமுகாமைக் குறித்த கேஇசட், நாஜிக் கொள்கையைக் குறித்த என்எஸ் எதையும் இங்கே பிளேட்டில் தர மாட்டார்கள். நம் ஊர் இனிஷியல்களில் பாதி எஸ்ஸில்தான் தொடங்குகிறது. உங்களுக்கும் அப்படியென்றால் இப்போதே வேறு யோசித்து வையுங்கள்.

இந்த நாட்டு பிளேட்டில் சரித்திரம் இப்படித்தான் எதிர்பாராமல் தலைகாட்டும். போருக்குப் பிறகு எந்த நாட்டுப் படை பிடித்து வைத்திருந்த பகுதி என்று காட்டும் எழுத்துகள்தான் இருந்தன. இப்போதுள்ள முறை மேற்கு ஜெர்மனியில் 1956இல் வந்தது. பெர்லினுக்கு பி, மியூனிக்குக்கு எம், கொலோனுக்கு கே எனப் பெரிய ஊர்களுக்கு ஒற்றை எழுத்து. ஹம்பர்க் மட்டும் ஹன்ஸா என்ற பழைய வணிக நகரக் கூட்டணிப் பெருமையைச் சேர்த்து எச்எச் என்று போட்டுக்கொண்டது. தனி எச் ஹனோவருக்குப் போனது. எனக்குப் பிடித்தது இதுதான்: நாடு இரண்டாகக் கிடந்தபோதே, கிழக்கிலிருந்த ஊர்களுக்கான எழுத்துகளை மேற்கில் ஒதுக்கி வைத்தார்கள். என்றாவது சேருவோம் என்ற கணக்கு. நடுவில் பொறுமை போய், லைப்ஸிக்குக்கு வைத்திருந்த எல் எழுத்தை 1977இல் மேற்கே லான் பகுதிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1990இல் நாடு சேர்ந்ததும் அவர்கள் அதைத் திருப்பித் தந்து, லான்-டில் மாவட்டம் என்பதன் சுருக்கமான எல்டிகே ஆனார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் ஏழு எழுத்து-எண் கொண்ட குறியீட்டை வாங்குங்கள். அது இல்லாமல் பதிவு நடக்காது. பதிவு அலுவலகத்தில் எண் மட்டும்தான் தருவார்கள். பிளேட்டை வெளியே இருக்கும் கடையில் அடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனால் முத்திரை ஒட்டுவார்கள். வாசலை ஒட்டிய முதல் கடையிலேயே அடித்துவிடாதீர்கள். நான் அப்படி அடித்துவிட்டுப் பத்தடி நடந்தால், அடுத்த கடையில் பாதி விலை போட்டிருந்தது!

அப்புறம், காரைப் பார்க்கப் போகும்போது பின்பக்க பிளேட்டில் உள்ள வட்ட ஸ்டிக்கரைப் பாருங்கள். நடுவில் வருடம், உச்சியில் நிற்கும் எண் மாதம். அடுத்த தகுதிச் சோதனை அதற்குள் முடிய வேண்டும். இரண்டு மாதம்தான் பாக்கி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு நடை ஓட்டி வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். தேர்த் திருவிழா அன்று என்றால் இன்னும் நல்லது. கோயில் பக்கம் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே யார் எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மஞ்சள் பிளேட் ஹாலந்து, பின்னால் மாநிலச் சின்னத்தோடு நிற்பது சுவிஸ். எச்ஏஎம் போட்டிருந்தால் உள்ளூர்க்காரர். நிழலான இடம் ஏற்கெனவே அவரிடம் இருக்கும்.