தோற்ற பிறகு நடுவரைத் திட்டுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: தன் கால்பந்துக் குழு தோற்றுப்போனால் ரசிகர்கள் விடிய விடிய நடுவரைப் பற்றியே பேசுகிறார்கள், இது வெறும் வயிற்றெரிச்சல்தானே, இதில் வேறு ஏதாவது இருக்கிறதா?

வயிற்றெரிச்சல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வயிறு எரிகிறவன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது. நான் சிங்கப்பூர்க்காரன், சின்ன வயதிலிருந்தே நம் தேசியக் கால்பந்துக் குழுவையும் இங்கிலாந்தின் லிவர்பூல் குழுவையும் விடாமல் பார்க்கிறவன், அதனால் இந்த எரிச்சலில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நடுவர் செய்தது தப்பா என்பது ஒரு கேள்வி. அதனால்தான் தோற்றோமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்த உடனே இரண்டாவதற்கும் அதேதான் என்று முடிவு கட்டி மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறோம். அங்கேதான் பேச்சு கெட்டுப்போகிறது.

எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயாத ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 2021 டிசம்பர் 25, தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், இந்தோனீசியாவுக்கு எதிராக, காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில். (2020இல் நடக்க வேண்டிய போட்டி அது. கோவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போய் மொத்தப் போட்டியும் இங்கேயே நடந்தது.) முதல் ஆட்டம் 1-1. ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தாளிக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த காலம், அதனால் ஈசூனில் பெரியப்பா வீட்டில் தலையை எண்ணித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இந்தோனீசியா முதலில் கோல் போட்டது. முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் நம் சஃபுவான் பஹாருடினுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, ஆள் வெளியே. பத்துப் பேரோடு அடுத்த சில நிமிஷத்திலேயே சோங் உய்-யோங் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் இர்ஃபான் ஃபாண்டிக்கு நேரடிச் சிவப்பு அட்டை. இப்போது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஷஹ்டான் சுலைமான் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு 2-1 என்று முன்னால் கொண்டுபோனார் பாருங்கள், அந்த நேரத்தில் பெரியப்பா எழுந்து நின்றவர் ஆட்டம் முடியும் வரைக்கும் உட்காரவே இல்லை. 87ஆவது நிமிஷத்தில் இந்தோனீசியா சமன் செய்தது. உடனே, தொண்ணூறு நிமிஷம் முடிகிற வேளையில், நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஃபாரிஸ் ராம்லி உதைத்தார், இந்தோனீசியக் கோல்காவலர் நடேயோ பாய்ந்து தடுத்துவிட்டார். அப்புறம் கூடுதல் நேரம் தொடங்கியதுமே நாமே நம் வலைக்குள் ஒன்று போட்டுக்கொண்டோம், அதற்கு மேல் இன்னொன்று வாங்கினோம், கடைசியில் கோல்காவலர் ஹசான் சன்னிக்கும் சிவப்பு அட்டை. தாக்குதல் ஆட்டக்காரரான இக்சான் ஃபாண்டி கையுறை மாட்டிக்கொண்டு கோல்கம்பத்துக்கு நடுவே நிற்க, எட்டுப் பேரோடு ஆட்டம் முடிந்தது. 4-2. இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-3.

மூன்று சிவப்பு அட்டை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பெரியப்பா மகன், என்னைவிட மூத்தவர், "விலை போயிட்டான்டா" என்று ஆரம்பித்தார். பெரியப்பா அமைதியாக, "விலை போனவன் தொண்ணூறாவது நிமிஷத்துல நமக்கு எதுக்குடா பெனால்டி குடுத்தான்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணனிடமிருந்து பதில் வந்தது: "அது கண்துடைப்பு."

இந்த "கண்துடைப்பு" வந்துவிட்டால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் அது சதி, சாதகமாகச் சொன்னால் அது சதியை மறைக்க. இந்த மாதிரி வாதத்தை யாராலும் உடைக்க முடியாது, அதனாலேயே அது வாதம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க்காரர்கள் சட்டென்று "கேலோங்" (ஆட்டத்தை விற்றுவிட்டார்கள், மோசடி) என்று கத்துவதற்குச் சும்மா ஒன்றும் காரணம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்க் குழு மலேசியக் கிண்ணம் விளையாடிய 1990களிலேயே ஆட்டத்தை விற்ற வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. 2013இல் லெபனானிலிருந்து வந்த ஒரு நடுவரும் இரண்டு துணை நடுவர்களும் இங்கே ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி கிண்ண ஆட்டம் ஒன்றை, தெம்பனிஸ் ரோவர்ஸ் ஈஸ்ட் பெங்காலோடு மோதிய ஆட்டம், நடத்த வேண்டியவர்கள், அதற்கு முன்பே கைதாகிப் பாலியல் இலஞ்சம் வாங்கியதற்காகச் சிறைக்குப் போனார்கள். சூடு கண்ட பூனைதான் நாம். ஆனால் அந்த வழக்குகளில் எல்லாம் ஆதாரம் இருந்தது, விசாரணை நடந்தது, தண்டனை கிடைத்தது. ஒரு மஞ்சள் அட்டை பிடிக்கவில்லை என்பது ஆதாரம் ஆகாது.

சரி, சதிப் பேச்சைத் தள்ளிவிட்டு அந்த அட்டைகளையே பார்ப்போம். இர்ஃபானுடையது என்னைக் கேட்டால் சரியான அட்டைதான். கோலை நோக்கி ஓடுகிறவனுக்கு முன்னால் தடுக்க வேறு ஆளே இல்லாதபோது தப்பாட்டம் ஆடி நிறுத்தினால் சிவப்பு, கால்பந்து விதிப்புத்தகத்தின் விதி 12 அப்படித்தான் சொல்கிறது. பெனால்டி கட்டத்துக்குள் பந்தை எடுக்கப்போய்த் தவறியிருந்தால் 2016இலிருந்து மஞ்சளோடு விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பெனால்டியே போதுமான தண்டனை. கட்டத்துக்கு வெளியே அந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமலே எத்தனை பேர் ராத்திரி முழுக்கக் கத்துகிறார்கள்! சஃபுவானின் இரண்டாவது மஞ்சள் வேறு விஷயம். அது நடுவரின் மதிப்பீடு, இன்னொரு நடுவராக இருந்தால் கூப்பிட்டு எச்சரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அங்கே சண்டை போட இடம் இருக்கிறது, நானும் போடுவேன்.

வீஏஆர், அதாவது காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவும் முறை, வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று ரொம்பப் பேர் நம்பினார்கள். அந்த 2021 போட்டியில் வீஏஆர் கிடையாது, 2024 போட்டியில்தான் வந்தது. வந்து என்ன ஆயிற்று? ஜாலான் புசார் அரங்கில் வியட்நாமோடு அரையிறுதி முதல் ஆட்டம், தொண்ணூறு நிமிஷம் வரை 0-0, அதற்கு மேல் சேர்த்துக்கொண்டே போன நேரத்தில் ஒரு பெனால்டி, பின்னாலேயே இன்னொரு கோல், 2-0 தோல்வி. வீஏஆர் இருந்தும் அரங்கத்தில் "ரெஃப்ரி காயு" (நடுவர் மரக்கட்டை) என்ற சத்தம் குறையவில்லை. முன்பு நடுவர் ஒருவரைத் திட்டினோம், இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துத் திட்டுகிறோம்.

இதற்கு உச்சம் என்றால் லிவர்பூல் 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாமோடு ஆடியது. நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் பார்த்தோம், எதிர் மேசையில் டோட்டன்ஹாம் சட்டையோடு ஒரே ஒரு ஆள், அவருக்கு அன்றைக்கு நல்ல யோகம். லிவர்பூலின் லுயிஸ் டியாஸ் கோல் போடுகிறார், துணை நடுவர் ஆஃப்சைட் கொடி தூக்குகிறார். படத்தை நிறுத்திக் காட்டியபோது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது, ஆஃப்சைட் இல்லை. வீஏஆர் அறையில் இருந்தவரும் சரியாகத்தான் பார்த்தார், ஆஃப்சைட் இல்லை என்றே முடிவு செய்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டு "சோதித்தாயிற்று, சரி" என்று சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்த நடுவர் அதை "ஆஃப்சைட் சரி" என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடியில் அந்த அறையில் இருந்தவர்களுக்கே விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு இது மாதிரித் தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லை. பின்னால் வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டுப்பாருங்கள், தப்பு என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் தவிப்பது அப்படியே கேட்கிறது.

ஆட்டம் முடிந்த சில மணி நேரத்திலேயே இங்கிலாந்து நடுவர் அமைப்பு பெரிய மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது. ஒரு ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாரும் நீ சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் 2-1 என்ற முடிவு அப்படியே நின்றது. அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் யுர்கன் குளோப் ஆட்டத்தைத் திரும்ப நடத்துவதுதான் சரி என்றார், நடக்கவில்லை.

என் நண்பர்களோடு நான் முட்டிக்கொள்வது இந்த ஆட்டத்தை வைத்துத்தான். டியாஸ் கோல் களவு போனது உண்மை. அது 34ஆவது நிமிஷம், அப்போது 0-0. அதற்கு முன்பே எங்கள் கர்ட்டிஸ் ஜோன்ஸ் சிவப்பு வாங்கி வெளியே போயிருந்தார், பின்னால் டியோகோ ஜோட்டா இரண்டு மஞ்சள் வாங்கிப் போனார், ஒன்பது பேரோடு கடைசி வரை தாக்குப்பிடித்து 96ஆவது நிமிஷத்தில் எங்கள் மட்டிப் தன் வலைக்குள்ளேயே போட்டார். அந்தக் கோல் நின்றிருந்தால் ஜெயித்திருப்போமா என்று கேட்டால், ஒருவேளை. அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் 34ஆவது நிமிஷத்தில் 1-0 என்றால் அதற்குப் பின்னால் வரும் ஆட்டமே வேறு ஆட்டம். டியாஸ் கோலை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று 2-2 கணக்குப் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஜோன்ஸ் அட்டையைப் பற்றியும் ஒன்று. முதலில் மஞ்சள்தான் காட்டினார்கள். வீஏஆர் கூப்பிட்டு நடுவர் திரைக்கு முன்னால் போனபோது முதலில் அவருக்குக் காட்டியது உறைந்து நின்ற ஒரு படம், காலணி எதிராளியின் காலில் பதிந்திருக்கும் அந்த நொடி. எந்த மோதலையும் அப்படி நிறுத்திப் பார்த்தால் கொலை முயற்சி மாதிரித்தான் இருக்கும். வீஏஆர் நடைமுறையே என்ன சொல்கிறது என்றால், எங்கே பட்டது, கையில் பட்டதா, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்குத்தான் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் மோதினான் என்பதற்குச் சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நமக்கு வருவதோ பெரும்பாலும் நிறுத்திய படம், அதில் சிவப்பு வட்டம் வேறு. பிரியாணி கையோடு கைப்பேசியை இரண்டு விரலால் பெரிதாக்கி "இதோ பார் முழங்கை, இதோ பார்" என்று காட்டுகிறவரிடம் முதலில் முழுக் காணொளியையும் சாதாரண வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். மீதிப் பாதி அடங்காது, அது வேறு விஷயம்.

அப்படியானால் கத்துவதில் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு, சில சமயம் பெரிய பிரயோஜனமே உண்டு. 2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது, நடுவர் கோல் தரவில்லை. தந்திருந்தால் 2-2. இங்கிலாந்து 4-1 என்று தோற்றது, அன்றைக்கு ஜெர்மனி ஆடிய ஆட்டத்துக்கு நடுவரைக் காரணம் சொல்வது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அந்தக் கூச்சல் வீணாகவில்லை. கோல்கோட்டுத் தொழில்நுட்பம் 2012இல் விதியில் ஏறியது, 2014 உலகக் கிண்ணத்தில் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. தோல்விக்கு அது காரணமோ இல்லையோ, நடுவர் செய்தது தப்பு என்று சரியாகக் கத்தியதால் விதி மாறியது. (1966 இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்குக் கிடைத்த, பந்து கோட்டைத் தாண்டியதா என்று இன்னும் சண்டை நடக்கிற ஜெஃப் ஹர்ஸ்ட் கோலைப் பற்றி ஜெர்மன்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதை இங்கிலாந்து ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.)

எனக்கு ஆகாத ஒன்று, நடுவரின் குடும்பத்தை இழுப்பது, அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய் மிரட்டல் எழுதுவது. தொலைக்காட்சியில் பார்க்கும் நடுவருக்காவது சுற்றிப் பாதுகாவலர்கள் இருப்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவர் வேலைக்குப் போய்விட்டு மீதி நேரத்தில் வருகிறவர், அவரைச் சுற்றிப் பெற்றோர்தான் நிற்கிறார்கள். ஓர் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் விடாமல் வைததைக் கேட்டிருக்கிறேன், பிள்ளைக்கே தாங்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டான். அந்த நடுவர் அடுத்த வாரம் வராவிட்டால் ஆட்டமே இல்லை, அவ்வளவுதான்.

மற்றபடி சண்டை போடுங்கள். எந்த விதி, எந்த நிமிஷம், அப்போது கோல் எத்தனை, இதைச் சொல்லிப் போடுங்கள். கேட்பவருக்கும் ஏதாவது தெரிந்துகொள்ளக் கிடைக்கும்.

பெரியப்பா மகனுக்கு மட்டும் இது எடுபடாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பக் குழுவில் அந்த ஆட்டத்தை எடுத்துவிடுவார், "வீஏஆர் இருந்திருந்தா சஃபுவான் உள்ள இருந்திருப்பான்" என்று. அண்ணே, அப்போதிருந்த விதிப்படி வீஏஆர் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறாட்டம் இந்த நான்கைத்தான் பார்க்கும், இரண்டாவது மஞ்சளைத் தொடவே தொடாது, வீஏஆர் இருந்தாலும் சஃபுவான் வெளியேதான் போயிருப்பார் என்று நானும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். "அப்ப விதியே கேலோங்" என்கிறார்.