லூர்து தண்ணீரில் என்ன இருக்கிறது?

கேள்வி: பிரான்சுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா லூர்து மாதா தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தார். அதில் மருந்துச் சத்து உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கிடையாது. 1858 பிப்ரவரி 25 அன்று, மாதா காட்சி தந்ததாகச் சொன்ன பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி, பிரான்சின் லூர்து ஊரில் ஒரு குகைக்குள் சேற்றைக் கையால் தோண்டி, கலங்கல் நீரை அள்ளிக் குடித்து, முகமெல்லாம் சேறாக எழுந்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். அந்த ஊற்றைத்தான் அதே வருடம் ஒரு வேதியியல் பேராசிரியர் சோதித்து, சாதாரணக் குடிதண்ணீர் என்று சொல்லிவிட்டார். அப்புறம் குணமானவர்கள்? ஆயிரக்கணக்கானோர் சொல்லியிருந்தாலும், மருத்துவர்கள் அலசிய பிறகு கத்தோலிக்கத் திருச்சபை புதுமை (அற்புதம்) என்று ஏற்றவை 70 சொச்சம்தான். பெர்னதெத்தே 35 வயதில் காசநோயால் இறந்தார். தாராளமாகக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.