மோட்டார்ஹோமின் ஏர் சஸ்பென்ஷன் பைகளை நாமே மாற்ற முடியுமா?

முடியும். என் வண்டியில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நானேதான் மாற்றினேன். ராத்திரி நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் இறங்கி நிற்கிறது, சக்கர அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வண்டியைத் தாங்கும் காற்றுப் பை போய்விட்டது என்கிறார்கள், ஒர்க்ஷாப்புக்குப் போகாமல் முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. பையைக் கழற்றி மாட்டுவது இதில் சின்ன வேலை: சில நட்டுகள், ஒரு ஏர் டியூப், அவ்வளவுதான். வண்டியை நம்பிக்கையாகத் தூக்கி நிறுத்துவது, மேலே ஒளிந்திருக்கும் நட்டுக்குக் கையை நுழைப்பது, கடைசியில் உயரத்தைச் சரிசெய்வது, இந்த மூன்றும்தான் உண்மையான வேலை.

நான் பேசுவது பஸ் மாதிரி முழுக்கக் காற்றிலேயே நிற்கும் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களைப் பற்றி. பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு சின்னப் பை வைத்த வண்டி என்றால் பாதிக் கவலை இல்லை. காற்று போனாலும் ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும்.

காசு கொடுத்துப் பை வாங்குவதற்கு முன்னால் பைதான் ஓட்டையா என்று பாருங்கள். ஏர் டேங்கில் காற்றை நிரப்பி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நாலு மூலையிலும் தரையிலிருந்து சேஸிஸ் (அடிச்சட்டம்) வரைக்கும் அளந்து எழுதி வையுங்கள். காலையில் மறுபடி அளங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது: இந்த வண்டிகளில் பெரும்பாலும் மூன்று லெவலிங் வால்வு இருக்கும், பைக்குள் காற்றை விட்டும் வெளியேற்றியும் உயரத்தைச் சமமாக வைப்பவை. ஒரு ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) இடம், வலம் என்று இரண்டு. இன்னொரு ஆக்ஸிலுக்கு நடுவில் ஒன்று. ஒற்றை வால்வு இருக்கிற ஆக்ஸிலில் இரண்டு பையும் ஒரே குழாயில் சேர்ந்திருப்பதால் ஒன்று கசிந்தாலும் இரண்டும் இறங்கும். அதனால் "இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறது, வால்வுதான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரட்டை வால்வு உள்ள ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துப் பை, டியூப், வால்வு மூன்றில் ஒன்று.

பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, பையின் மேல் பிளேட் ரப்பரோடு சேரும் விளிம்பு, டியூப் கனெக்டர், வால்வின் காற்று வெளியேறும் துளை என்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். பெரிய ஓட்டை உடனே நுரைக்கும். ராத்திரி முழுக்க மெல்ல இறங்கும் ரகக் கசிவுக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கடுகளவு நுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பில் கூடு கட்டுவது தெரியும். என் வண்டியில் அது ரப்பரிலேயே இல்லை. மேல் பிளேட்டை மடித்துப் பிடித்திருக்கும் இடத்தில் துரு தின்று, அதன் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. எப்படியும் பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரப்பரைப் பார்க்கும்போது மேல்தோலில் இருக்கும் மெல்லிய வெடிப்பைக் கண்டு பதற வேண்டாம். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால், எங்காவது உப்பியிருந்தால், எதிலாவது உரசித் தேய்ந்திருந்தால் அந்தப் பையின் காலம் முடிந்தது. மோட்டார்ஹோமில் பை ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். காற்றை இறக்கி மாதக்கணக்கில் நிறுத்தினால் ரப்பர் ஒரே மடிப்பில் கிடக்கும், வெடிப்பும் அந்த மடிப்பிலேயே பிறக்கும். ஒரு ஆக்ஸிலில் ஒன்று வயதாகிப் போயிருந்தால் அதன் ஜோடிக்கும் அதே வயதுதான், சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய பையில் அச்சடித்த பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பைகளில் பிஸ்டன் (பையின் அடியில் ரப்பர் உருண்டு இறங்கும் கெட்டிப் பகுதி) உயரமும் ஸ்டட் (பிளேட்டில் பதித்த மரைத் தண்டு) இடைவெளியும் மாறும்.

இனி பயப்பட வேண்டிய பகுதி. பை தாங்கும் எடை என்பது உள்ளே உள்ள அழுத்தத்தை அதன் பயனுறு பரப்பால், அதாவது காற்று எடையைத் தாங்கித் தள்ளும் பரப்பால், பெருக்கியது. 80 சதுர அங்குலப் பரப்பு, 60 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) அழுத்தம் என்று வைத்தால் 4,800 பவுண்டு, ஏறக்குறைய 2,180 கிலோ. ஒரே ஒரு பை! அந்தக் காற்று போன நொடியில் சேஸிஸ் கீழே வந்து பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பில்) உட்காரும், அப்போது சேஸிஸுக்கும் தரைக்கும் நடுவே மனிதத் தலை நுழைய இடம் இருக்காது. வண்டியோடு வரும் ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கி முகாமில் வண்டியை நேராக நிறுத்தத்தான், அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். எடைக்கு ஏற்ற ஜாக்கி ஸ்டாண்ட் சேஸிஸ் சட்டத்தின் அடியில் நிற்க வேண்டும், ஆக்ஸிலின் அடியில் இல்லை. ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும், பையை எடுக்கவும் வைக்கவும் அதை ஏற்றி இறக்கிக்கொள்ளத்தான். ஸ்டாண்டை வைக்கும்போது உடம்பை வெளியிலேயே வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுங்கள்.

இன்னொன்று: பார்க்கிங் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரங்களில்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

டேங்கைத் திறந்து காற்றை விட்டுவிட்டால் பையும் காலி என்று நினைக்காதீர்கள். நடுவில் இருக்கும் ஒருவழி வால்வுகள் பையின் காற்றைப் பிடித்தே வைத்திருக்கலாம். சேஸிஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு லெவலிங் வால்வின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, வால்வின் கையை மெல்லக் கீழே தள்ளினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். சத்தம் நின்ற பிறகு பையைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தளர்ந்திருப்பது தெரிந்தால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முந்தின நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். கீழ் நட்டு கண்ணெதிரே இருக்கும். மேல் நட்டுதான் மானத்தை வாங்கும். அது சட்டத்துக்கு மேலே, தரைப்பலகைக்குக் கீழே, வயர் கட்டுகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் இருக்கும். கண்ணால் பார்க்கவே முடியாது. என்னுடையதில் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, விரல் நுனியால் நட்டின் ஆறு முகத்தையும் தடவிக் கண்டுபிடித்து, இன்னொரு கையால் நீள எக்ஸ்டென்ஷனோடு சாக்கெட்டை அந்த விரலை நோக்கி நகர்த்தி மாட்ட வேண்டியிருந்தது. வீலைக் கழற்றினால் இடம் கொஞ்சம் கிடைக்கும், சோம்பல் படாமல் கழற்றுங்கள். நட்டு நகரவில்லை என்று கேஸ் வைத்துச் சூடு காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். மேலே முழுக்க வயரும் பிளைவுட்டும்.

ஷாக் அப்சார்பரைச் சேர்த்துக் கழற்றும் எண்ணம் இருந்தால் கவனம். பல வண்டிகளில் ஆக்ஸில் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கு ஷாக்தான் கடைசி எல்லை. அதையும் கழற்றிவிட்டு ஜாக்கியை இறக்கினால் பிரேக் ஹோஸும் மிச்சமிருக்கும் பைகளும் இழுபடும்.

புதுப் பையைப் பொருத்துவதற்கு முன்னால் அது உட்காரும் பிளேட்டைத் துரு போகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். மேலும் கீழும் ஸ்டட்டுகளை நேராக வைத்து, பை முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஸ்டட்டுகளுக்கான டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு மிகக் குறைவு, கம்பெனித் தாளில் இருக்கும். இம்பாக்ட் கன்னை (அடித்து அடித்து நட்டை இறுக்கும் மெஷினை) எடுத்தால் பிளேட்டில் பதித்த ஸ்டட் சுழன்றுபோய் புதுப் பையே வீண். காற்று கனெக்டரின் மரையில் டெஃப்லான் டேப் வேண்டாம், அதன் துணுக்கு லெவலிங் வால்வுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். திரவ சீலன்ட் போதும். நைலான் டியூபின் பழைய நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, டியூப் கட்டரால் நேராக வெட்டிய நுனியை முட்டும்வரை தள்ளி, ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். குறட்டால் நசுக்கி வெட்டிய நுனி கண்டிப்பாகக் கசியும்.

வெளியே வைத்துப் பைக்குக் காற்றடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடவே கூடாது. மேலும் கீழும் பிடிமானம் இல்லாத பை வெடித்துப் பிய்ந்து பறக்கும். வண்டியில் மாட்டிய பிறகு, எடை இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே, 10 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். ரப்பர் பிஸ்டன்மேல் காலுறையை உருட்டி இறக்கினது மாதிரி சுற்றிலும் சமமாக மடிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் காற்றை விட்டு மறுபடி ஏற்றுங்கள். முழு அழுத்தத்தில் பையைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பிரேக் ஹோஸ், ஷாக்கின் போல்ட் நுனி, வயர் கிளிப் எல்லாவற்றையும் பாருங்கள்.

உயரம் சரிசெய்வதைப் பலர் சொகுசு விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. சேஸிஸ் கம்பெனி சொன்ன இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், சொன்ன அளவு இருக்க வேண்டும். பின்பக்க உயரம் மாறினால், பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் தேயும். முன்பக்கம் மாறினால் ஸ்டியரிங் கனமாகும் அல்லது அலையும். சமதரையில் டேங்க் முழுக்க நிரம்பிய பிறகு, லெவலிங் வால்வின் இணைப்புக் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இந்த வால்வுகளில் பல, சில விநாடி தாமதித்துத்தான் வேலை செய்யும். மாற்றினதும் அளக்காமல் பொறுத்திருந்து அளங்கள். டேப்பும் கையுமாக அடியில் போகும் ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்ட் சட்டத்துக்குச் சற்றுக் கீழே தயாராக நிற்கட்டும்.

வீலைக் கழற்றியிருந்தால் அதன் டார்க்கை மறக்கக் கூடாது. 22 மி.மீ. மரை நட்டு வைத்த ஹப்-பைலட் (நடு ஹப்பிலேயே மையம் பிடித்து உட்காரும்) வீல்களுக்குப் பொதுவாக 450 முதல் 500 அடி-பவுண்டு; சாதாரண டார்க் ரெஞ்ச் அவ்வளவு தூரம் போகாது, திருகும் விசையைப் பெருக்கித் தரும் மல்டிபிளையர் வேண்டும். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அன்றைக்கே சோப்புத் தண்ணீரையும் ஒரு தடவை அடித்துவிட்டு, ராத்திரி நாலு மூலையையும் அளந்து எழுதி வைத்துத் தூங்குங்கள்.