டேபிள் டாப்பில் காய்ந்த சூப்பர் குளூ: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்து வீடுகளிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கிச்சன் கபினெட் செய்து பொருத்தும் தச்சர்.

அண்ணே, குவாலி (வாணலி) கைப்பிடியை ஒட்டும்போது யானை மார்க் கம், அதாவது சூப்பர் குளூ, சமையல் மேடை டேபிள் டாப்பில் சொட்டி, ஐம்பது காசு அளவுக்குக் காய்ந்து கிடக்கிறது. ஃபார்மைக்கா டாப், பலகை மேல் ஒட்டிய லேமினேட் தகடு. எப்படி எடுப்பது?

தங்கச்சி, முதல் வேலை கேஸ் தோங்கை (சிலிண்டரை) மூடுவது. கம்மை இளக்க நாம் எடுக்கப்போவது அசிட்டோன் என்ற கரைப்பான். அதன் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு பரவும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் அங்கே போய்ப் பற்றும். ஜன்னல், பின்கதவு இரண்டையும் திறந்து வையுங்கள்.

அடுத்து, சோப்பு கலந்த சுடுநீரில் துணியை நனைத்து, கம் மேல் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஓரம் கொஞ்சம் இளகும். பழைய பேங்க் கார்டைப் படுக்கைவாட்டில் பிடித்து ஓரத்திலிருந்து நெம்புங்கள். கத்தி வேண்டாம். ஃபார்மைக்காவின் மேல்தோல் மெலிசு, ஒரு கீறல் விழுந்தால் அது என்றைக்கும் போகாது.

மீதி ஒட்டியிருந்தால்தான் அசிட்டோன். கெட்டில் வைக்கும் மூலைபோல் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறாவிட்டால் தொடரலாம். அரை டீஸ்பூன் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து கம் மேல் வைத்து, அலுமினியத் தாளால் மூடி, மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். கம் வழுவழுவென்று ஜெல்லி மாதிரி ஆகும். கார்டால் வழித்து எடுங்கள். தடித்த சொட்டுக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள்.

சூப்பர் குளூ காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை. பரப்பில் உள்ள மெல்லிய ஈரம் பட்டதும் அது பிளாஸ்டிக்காக மாறிவிடுகிறது. அந்தப் பிளாஸ்டிக்குக்குள் அசிட்டோன் ஊறி உப்ப வைக்க நேரம் வேண்டும். அதனால் வேகமாகத் தேய்ப்பதில் பயனில்லை.

ஒன்றை மறக்காதீர்கள்: சிங்க் வெட்டிய ஓரத்துக்கும் முன் விளிம்புக்கும் அசிட்டோன் ஓடக்கூடாது. ஃபார்மைக்காவைப் பலகையோடு பிடித்திருக்கும் கம்மையும் அது கரைக்கும். பிறகு விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் கருப்பு கிரானைட். அதற்கும் இதேதானா?

கிரானைட் கல்லுக்கு அசிட்டோனால் கெடுதல் இல்லை, பாலிஷ் போட்ட கல்லில் பிளேடையும் படுக்கவைத்துச் சீவலாம். ஆனால் கறை இறங்காமல் இருக்க மேலே பூசிய சீலர் போய்விடக்கூடும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் பாருங்கள். கல் கருத்தால் சீலர் திரும்பப் பூச வேண்டும். கேஸ் தோங்கை மூடிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மார்பிளில் எலுமிச்சையும் வினிகரும் தேய்த்தால் போகுமாமே?

போகாது. புளிப்பு மார்பிளைத் தின்று, பளபளப்பை அழித்துவிடும். கம் மட்டும் அப்படியே இருக்கும்.

நான் பெயிண்டர். அசிட்டோன் எதற்கு? தின்னர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதிலேயே போகும்.

ஐயா, போகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தின்னர் ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு டின்னிலும் ஒவ்வொரு கலவை, பலவற்றில் டொலுயீன் என்ற நச்சுக் கரைப்பான் இருக்கிறது. சோறு பிசையும் மேடையில் அது எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய்ப் பெயிண்டுக்கு ஊற்றும் டர்பன்டைனையும் சிலர் தின்னர் என்றே வாங்கி வருகிறார்கள். அது காய்ந்த சூப்பர் குளூவை அசைக்கக்கூட செய்யாது.

அசிட்டோன் ஊற்றிய மறுநிமிடமே ஆவியாகிப் போகிறதே! வேலை செய்ய அதற்கு ஏது நேரம்? தின்னர் நின்று வேலை செய்யும்.

இது நியாயமான பேச்சு. நம் ஊர் வெயிலில், ஃபேன் காற்றில், திறந்து வைத்த பஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் மூடச் சொன்னேன். எதால் மூடுகிறோம் என்பதும் முக்கியம். சாப்பாடு சுற்றும் பிவிசி ஒட்டுத்தாளை அசிட்டோன் இளக்கிவிடும், அதுவே மேடையில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தாள்தான் சரி.

நின்று வேலை செய்வது நல்லதுதானே? என் அனுபவம் பேசுகிறது.

உங்கள் அனுபவம் சுவரிலும் இரும்பு கிரில்லிலும். ஃபார்மைக்கா மேடையில் நின்று வேலை செய்வது விளிம்புக்குள் இறங்கியும் வேலை செய்யும். அசிட்டோன் மிச்சமில்லாமல் பறந்துவிடும், சமையலறைக்கு அது நல்லது. ஸ்டெயின்லெஸ் மேடையில் தின்னர்தான் வேண்டும் என்றால், வெளிக்கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பெட்ரோல்?

வேண்டவே வேண்டாம். கம்மையும் கரைக்காது, வீட்டையும் எரிக்கும்.

வெள்ளை சாலிட் சர்ஃபேஸ் டாப். அசிட்டோன் ஊற்றலாமா, அண்ணே?

ஊற வைக்காதீர்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக் கலந்தது, அசிட்டோன் நின்றால் மங்கிப்போகும். பிளாஸ்டிக் கார்டால் முடிந்தவரை நெம்புங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் என்பதால், மினுக்கம் இல்லாத டாப் என்றால் 400 நம்பர் மணல் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக வட்டமாகத் தேய்க்கலாம். சுற்றியும் கொஞ்சம் தேய்த்தால் அடையாளம் தெரியாது.

ஃபார்மைக்காவில் கம் கொட்டிவிட்டது, என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஃபார்மைக்காதான், ஆனால் மரக் கலர். அதற்கு வேறு முறையா?

கலர் எதுவானாலும் முதல் பதில்தான். மூலையில் சோதித்துப் பாருங்கள், கேஸ் தோங்கை மூடுங்கள்.

கடையில் வாங்கிய நகப்பூச்சு ரிமூவரில் ஒன்றும் ஆகவில்லை.

பாட்டிலில் அசிட்டோன் இல்லாதது என்று போட்டிருக்கும், பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் அசிட்டோன் என்றே கேட்டு வாங்குங்கள்.

ஹேர் டிரையர் காட்டி இளக்கலாமா?

சூடு பட்டால் கம் இளகும் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் சூடேறினால் கண்ணும் மூக்கும் எரியும் புகை வரும், ஃபார்மைக்கா அடிக்கம்மும் சேர்ந்து இளகும். அசிட்டோன் ஈரம் இருக்கும் இடத்தில் டிரையரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் துடைத்துவிட்டால்?

கூடாது. ஈரமான சூப்பர் குளூ பருத்தியில் நிறையப் பட்டால் சூடேறிப் புகையும், கையைச் சுட்டுவிடும். பிளாஸ்டிக் துண்டால் வழித்துவிட்டு, மீதியைக் காய விடுங்கள். பஞ்சு காய்ந்த கம்முக்குத்தான்.

விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டது. பையனுக்குக் கண்ணோரத்திலும் பட்டிருக்கிறது!

அக்கா, பையன் முதலில். சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருங்கள். இமையைப் பிரிக்காதீர்கள், அசிட்டோன் கிட்டவே போகக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விரலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டி உருட்டிப் பிரியுங்கள். இழுத்தால் தோல் வந்துவிடும்.

நீல நிறக் கையுறை போட்டுக்கொண்டால் போதுமா?

அந்த மெல்லிய நைட்ரில் உறையை அசிட்டோன் சீக்கிரம் ஊடுருவிவிடும். தடித்த ரப்பர் கையுறை கொஞ்ச நேரம் தாங்கும். நனைந்தால் கழற்றிக் கையைக் கழுவுங்கள்.

மிச்ச அசிட்டோனை சிங்கில் ஊற்றிவிடலாமா?

கீழே இருப்பது பிவிசி குழாய், இளகிப்போகும். பாட்டிலை இறுக மூடி வையுங்கள். நனைந்த பஞ்சை வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். அது காயும்வரை சாமி விளக்கும் ஊதுவத்தியும் அந்தப் பக்கம் வேண்டாம்.