தாத்தாவின் பெட்டியில் ரிவால்வர்: வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் அம்மாவின் அப்பா இராணுவத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு தமது 91-ஆம் வயதில் காலமானார். போன மாதம் அவருடைய அறையை ஒழித்தபோது ட்ரங்க் பெட்டியில் தோலுறை போட்ட பழைய ரிவால்வர் ஒன்றும், தகர டப்பாவில் ஆறு தோட்டாக்களும் இருந்தன. கூடவே லைசென்ஸ் புத்தகம். கடைசியாக 1994-இல் புதுப்பித்திருக்கிறார். 'என் உடைமைகள் யாவும் என் மகளுக்கே' என்று உயில் இருக்கிறது. அப்படியானால் ரிவால்வர் இப்போது அம்மாவுடையதுதானே? நினைவாக வைத்துக்கொள்ளலாமா? போலீஸுக்குப் போனால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று மாமா பயமுறுத்துகிறார்."

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ரிவால்வர் அல்ல, "போன மாதம்" என்ற சொல். பெட்டி மூடியே இருந்தவரை உள்ளே இருப்பது உங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதைச் சட்டம் குற்றமான உடைமையாகப் பார்ப்பதில்லை. ஆயுதத்தை வைத்திருந்தார் என்று சொல்ல, அது இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்த நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், தெரிந்தே உரிமம் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கிறீர்கள். ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது. மற்றதெல்லாம் அப்புறம்.

உயில் விஷயத்தில் பல குடும்பங்கள் இடறுகின்றன. நிலம், நகை, வங்கிப் பணம் போலத் துப்பாக்கியும் சொத்துதான். உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோ அது உங்கள் அம்மாவுக்கு வரும். ஆனால் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாக இருப்பது வேறு, அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ யாரும் வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் தாத்தா என்ற தனி மனிதருக்குக் கொடுத்தது. அதைக் கடைசியாக 1994-இல் புதுப்பித்திருந்தாலும் சரி, போன வருடம் வரை செல்லுபடியாகியிருந்தாலும் சரி, அவரோடு முடிந்துவிட்டது. ஆக, அம்மா அந்த ரிவால்வருக்கு உரிமையாளராக இருக்கலாம், அதை விற்கவோ கைமாற்றவோ அனுமதி கேட்கலாம், ஆனால் இன்று அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. எந்தக் காரணத்தாலோ ஒரு ஆயுதத்தை வைத்திருப்பது சட்டவிரோதமாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததால் பொருள் பறிபோய்விடாது. விதிகள் சொல்லும் காலத்துக்குள் உரிமம் பெற்றால் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். அந்தக் காலம் முடியும்வரை எதுவும் செய்யாமல் விட்டால்தான் அரசுக்குப் போகும். ஒப்படைக்காமல் இருப்பதோ தனிக் குற்றம்.

எப்படி ஒப்படைப்பது என்பதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ரிவால்வரைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வழியில் வண்டிச் சோதனையில் நிறுத்தினால், "ஒப்படைக்கத்தான் போகிறேன்" என்பதை நடுரோட்டில் நிரூபிக்க முடியாது. துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்களும் அம்மாவும் கடிதத்தோடு மட்டும் போங்கள். யார் காலமானார், எந்தத் தேதியில் பெட்டியைத் திறந்தீர்கள், என்னென்ன இருந்தன, பழைய லைசென்ஸ் எண் என்ன, "வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்" என்று எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலும் லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் இணைப்பாக இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "இன்ஸ்பெக்டர் இல்லை, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அன்றைக்கே அதே கடிதத்தை மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். சென்னை போன்ற மாநகரமானால் காவல் ஆணையருக்கு. அந்தத் தபால் ரசீதுதான் உங்களுக்குக் கவசம்.

அதுவரை ரிவால்வரைத் தொடாதீர்கள். துடைப்பது, எண்ணெய் போடுவது, "குண்டு இருக்கிறதா பார்ப்போம்" என்று மடக்கிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். பல பத்தாண்டு பழைய தோட்டா வெடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. படம் எடுத்து உறவினர் குழுவில் போடுவதும் வேண்டாம். கிணற்றிலோ ஆற்றிலோ வீசிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தாத்தா பெயரில் அந்தத் துப்பாக்கி எண் அரசுப் பதிவேட்டில் இருக்கும். நாளைக்கு யாராவது "அது எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போகும்.

போலீஸார் வந்து எடுக்கும்போது ரசீதில் தயாரிப்பாளர் பெயர், குழலின் அளவு, துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். "பழைய துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீதால் பயனில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்பதையும் அங்கேயே ஒப்பிடச் சொல்லுங்கள். தோட்டாக்களை மறந்துவிடாதீர்கள். துப்பாக்கியை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் விட்டுவிட்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். பிள்ளை விளையாட எடுத்தபோதுதான் நினைவு வந்தது. ஒரே ஒரு தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும்.

இப்போது உங்கள் மாமாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தவறல்ல. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். தடை செய்யப்பட்ட வகையானால் 7 முதல் 14 ஆண்டு. ஆனால் 3-ஆம் பிரிவை மீறியதற்காக வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. காலமானவரின் பெட்டியில் கண்டெடுத்து, தாங்களாகவே எழுதிக் கொடுத்து ஒப்படைத்த குடும்பத்தின் கோப்பும், யாரோ தகவல் சொல்லிச் சோதனையில் பிடிபட்டவரின் கோப்பும் அந்த மேசையில் ஒன்றுபோல் தெரியாது. 1994-க்குப் பிறகு தாத்தா புதுப்பிக்காதது அவருடைய தவறு. அதற்கான குற்றப்பொறுப்பு வாரிசுக்கு இறங்குவதில்லை. உங்கள் பொறுப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான். மாமாவின் பயத்துக்கு மருந்து சீக்கிரம் போவதுதான்.

சரி, திரும்ப வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்று தனி வழி இருக்கிறது. உரிமம் பெற்றவர் இறந்த பிறகு அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்தாலோ 25 ஆண்டு அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியும். வீட்டில் வயதான உரிமதாரர் இருக்கும் மற்ற வாசகர்கள் இந்த வசதியைக் கவனிக்க வேண்டும். வாரிசும் உரிமம் வாங்கியாக வேண்டும் என்றாலும், பெரியவரின் கையெழுத்து கிடைக்கும்போதே செய்துவிட்டால் அலைச்சல் குறையும். இறப்புக்குப் பிறகானால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், பாட்டி, மாமா உட்பட மற்ற வாரிசுகளின் தடையில்லாப் பிரமாணப் பத்திரம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பிறகு போலீஸ் அறிக்கை என்று நீளும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2019 வரை இது மூன்றாக இருந்தது. பரம்பரையாக வந்தது என்பதற்காக இந்த எண்ணிக்கையில் சலுகை இல்லை.

ஆனால் இராணுவத் துப்பாக்கி என்றால் இதற்கும் முன்னால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். நம் விதிகள் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்டவை, தடை செய்யப்படாதவை என்று பிரிக்கின்றன. துப்பாக்கிக் கடைக்காரர்கள் பி.பி. (புரொஹிபிட்டட் போர்), என்.பி.பி. (நான்-புரொஹிபிட்டட் போர்) என்பார்கள். படையின் தோட்டாவை ஏற்கும் ஆயுதங்கள்தான் தடைப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கின்றன: .303 ரைஃபிள், 7.62 மி.மீ., படைப்பிரிவின் 9 மி.மீ. பிஸ்டல், .380 மற்றும் .455 ரிவால்வர்கள் (இந்த எண்கள் குழலின் அளவைக் குறிப்பவை). இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய வெப்ளி ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ".38 145/200" என்று பொறித்திருக்கும். வீட்டில் "முப்பத்தெட்டுதானே, சாதாரண ரகம்" என்பார்கள். அந்த .38-க்கு இராணுவம் வைத்த பெயர்தான் .380. ஆகவே அது தடைப் பட்டியலில் வந்துவிடும். இந்த வகைக்கு உரிமம் தர ஆட்சியருக்கு அதிகாரம் இல்லை. மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவு செய்யும். நினைவுப்பொருள் என்ற காரணத்தை மட்டும் நம்பி அந்த விண்ணப்பத்துக்காக வருடக்கணக்கில் அலைய நான் சொல்லமாட்டேன். ரிவால்வர் .32 ஆக இருந்தால் நிலைமை வேறு. அது தடை செய்யப்படாத வகை, வாரிசு விண்ணப்பத்தைத் தைரியமாகப் போடலாம்.

அது தாத்தாவின் சொந்தத் துப்பாக்கிதானா என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்து ஆயுதங்களில் ஒரு சிறிய அம்புக்குறி அரசு உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் படையிலிருந்து முறையாக விற்கப்பட்டது என்று பொருள். உங்களிடம் லைசென்ஸ் புத்தகம் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. ஆனால் எந்தத் தாளும் இல்லாமல் பரணில் ரைஃபிள் கிடைத்தவர்கள், போரில் எதிரியிடம் கைப்பற்றியதாகச் சொல்லப்படும் பிஸ்டலை வைத்திருப்பவர்கள் எல்லாம், வாரிசு பேச்சை எடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். அரசின் பொருளுக்கு வாரிசு இல்லை.

"பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?" என்று அடுத்துக் கேட்பீர்கள். 45-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த ஆயுதம் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். எண்ணெய் போட்டால் சுழலும் ரிவால்வருக்கு இது பொருந்தாது. 2020 பிப்ரவரியில் அரிய பழம்பொருள் வகைக்கு விதி தளர்ந்தது உண்மைதான். உங்கள் ரிவால்வர் அதில் வருமா என்பதை அதிகாரி எழுத்தில் சொல்ல வேண்டும், நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. செயலிழக்க வைக்கலாம் என்று பட்டறையில் கொடுத்துக் குழலை அறுப்பதும் குற்றமாகிவிடும்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் என் யோசனை இது. இந்த வாரம் ஒப்படையுங்கள். ரசீதில் என்ன அளவு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். .380 என்று வந்தால், தாத்தா பணியாற்றிய படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்கு எழுதி, ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அந்தப் பதிலை இணைத்து, கைமாற்ற அனுமதி கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அம்மாவின் கையெழுத்தில் போகட்டும், உரிமையாளர் அவர்தான்.

தோலுறைக்கும், பதக்கங்களுக்கும், சீருடைக்கும், அந்தப் பெட்டிக்கும் எந்த லைசென்ஸும் வேண்டியதில்லை. போலீஸார் ரிவால்வரை எடுக்கும்போது உறையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியிடம் இருக்கட்டும்.